கழுத்தில் ஓடும் பல்லி

ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க
ஒரு முத்திரை போதும் என்று வந்தார் தெலெஸ்ஃபோரோ.
கோச்சபம்பாவிலிருந்து ஒரூரோவுக்கு
முப்பத்தொரு வருடம் உருளைக்கிழங்கு ஏற்றியவர்.
தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை.
"கையெழுத்துப் போட்டால் கிளம்பிவிடுவேன்.
லாரி வெயிலில் நிற்கிறது."

மணிக்கட்டைக் கேட்டேன்.
கடன் கொடுப்பவர்போல நீட்டினார்.
ஒன்று.
ஜன்னலுக்கு வெளியே வெங்காயக்காரி
பேரத்தை முடித்தாள்.
இரண்டு.
சில்லறையும் எண்ணிவிட்டாள்.
மூன்று.
நிமிடத்துக்கு முப்பத்தாறு.
நல்ல பலமான நாடிதான்,
அவசரம் மட்டும் இல்லை.

ஷூ நாடா முடிச்சுப் போடாமல் தொங்கியது.
கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது அழுத்தினேன்.
எடுத்த பிறகும்
என் கட்டைவிரல் அங்கேயே இருந்தது,
பிசைந்த மாவில் குழந்தை குத்திய குழியாக.
"மூச்சு வாங்குமா?"
"மேடு ஏறினால் லாரிக்கே வாங்கும், டாக்டர்."
"மயக்கம்?"
"இல்லவே இல்லை."

அப்போதுதான் கதவோரம் நின்ற நிக்கொலாசா
கெச்சுவாவில் பேச ஆரம்பித்தாள்.
கணவனைப் பார்க்கவில்லை.

"மார்ச்சில் நீளமான நாடா வாங்கிக் கோத்தேன்.
மே மாதம் அதுவும் எட்டவில்லை.
படுத்தால் முட்டுகிறதென்று
ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்குகிறார்.
வீட்டுப் படியேறும்போது
ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைக்கிறார்.
சான் யுவான் இரவில், நெருப்புப் பக்கம் நின்றவர்
வெட்டிய சோளத்தட்டையாக விழுந்தார்.
எழுந்து, வழுக்கிவிட்டது என்றார்.
ஈரமே இல்லாத தரை.
அப்புறம் இந்தப் பல்லி.
கழுத்தில். பொறுங்கள், இப்போது ஓடும்."

பொறுத்தேன்.
தாடைக்கும் காரை எலும்புக்கும் நடுவில்
ஒன்று குதித்து ஏறி, மறைந்தது.
கொஞ்ச நேரம் வெறும் தோல்.
மறுபடி.

மெஷினிலிருந்து தாள் ஊர்ந்து வந்தது.
மேலறைகள் தம் பாட்டுக்குத் தட்டுகின்றன,
கீழறைகள் தம் பாட்டுக்கு இறைக்கின்றன.
நடுவில் செய்தி கொண்டுபோன கம்பி
எப்போதோ அறுந்திருக்கிறது.
இரண்டும் ஒரே கணத்தில் இறுகும்போது
மூடிய கதவில் மோதிய ரத்தம்
வந்த வழியே கழுத்துக்கு எகிறுகிறது.
நான் படித்த புத்தகம் அதைப் பீரங்கி என்றது.
நிக்கொலாசா வைத்த பெயர் இன்னும் சரி.

"சின்ன வயதில் எப்படிப்பட்ட வீடு?"
"மண்சுவர். வேறென்ன?"

பகலெல்லாம் விரிசலில் கிடந்து
இரவில் முகம் தேடி இறங்கும் வின்ச்சூக்கா.
வலிக்காமல் குடிக்கும்,
குடித்த இடத்துப் பக்கத்திலேயே கழிந்துவிட்டுப் போகும்.
தூக்கத்தில் ஒரு பையன் சொறிந்துகொண்டான்.
அவ்வளவுதான் நடந்தது.
அதன்பின் நாற்பது வருடம்
வந்தது வாடகை தராமல் குடியிருந்து,
சுவரைச் சுரண்டி, கம்பியை அறுத்து.

சொன்னேன்.
அவர் சிரித்தார்.
"அந்தப் பூச்சியா? என் அண்ணன் அதை நசுக்கி
சுவரில் சிவப்பாகக் குதிரை வரைவான்."
பிறகு சிரிக்கவில்லை.

படிவத்தில் 'தகுதியில்லை' கட்டத்தில் குறியிட்டேன்.
பேனா ஒருமுறை மக்கர் செய்தது,
அழுத்தி எழுதினேன்.
"இன்றே கோச்சபம்பா போக வேண்டும்.
நெஞ்சில் ஒரு பேஸ்மேக்கர் வைப்பார்கள்.
எங்கள் ஆம்புலன்ஸ் பழுது;
பக்கத்தில் நர்ஸ் உட்கார்ந்து வருவாள்."

"ஓட்டுவது யார்?" என்றார்,
ஜெயித்துவிட்ட முகத்தோடு.

நிக்கொலாசா அவர் சட்டைப்பையில் கைவிட்டு
சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.
இஞ்சின் இரண்டு முறை இருமியது.
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

தெலெஸ்ஃபோரோ தலையைச் சாய்த்துக் கேட்டார்,
சற்றுமுன் நான் அவர் மார்பைக் கேட்டதுபோல.
பல்லி ஓடியது.
தொப்பியைக் கழற்றி மடிமேல் வைத்தார்.

"கிளட்சை மெதுவாக விடச் சொல்லுங்கள்.
அது பழைய வண்டி."